கெட்டி மேளம் யார் கேட்பதற்கு?

தமிழ்க் கல்யாணத்தில் மிக உரக்க ஒலிக்கும் இசை யாரும் கேட்பதற்காக வாசிக்கப்படுவதில்லை. தாலி கட்டும் நேரத்தில் ‘கெட்டி மேளம், கெட்டி மேளம்’ என்று ஒரு குரல் எழும். அதுவரை ஏதோ ஒரு ராகத்தில் நிதானமாகப் போய்க்கொண்டிருந்த நாதஸ்வரமும் தவிலும் அதை அப்படியே விட்டுவிட்டு உச்சத்துக்குப் போகும். ஏன் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். அந்த நேரத்தில் யாராவது தும்மிவிடலாம், அழுதுவிடலாம், வாய்தவறி அபசகுனமாக ஏதாவது சொல்லிவிடலாம். அது எதுவும் பெண் மாப்பிள்ளை காதில் விழக்கூடாது. அதாவது, மற்ற சத்தங்களை மூடுவதுதான் அந்த இசையின் வேலை.

சத்தத்தை மூடுவதற்கு ஒரு கலைஞர் எதற்கு? இந்தக் கேள்வியை என் முன்னால் வைத்தவன் அலுவலக நண்பன் ஒருவன். தன் கல்யாணத்துக்கு அவன் ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போட்டிருந்தான். ரிசப்ஷனுக்கு மட்டும் 43 வரிகள்: என்ட்ரிக்கு ஒரு பாட்டு, மோதிரத்துக்கு ஒன்று, கேக்குக்கு ஒன்று, கசின்கள் ஆடுவதற்கு நான்கு, சாப்பாட்டு நேரத்துக்கு மெலடி வரிசை. முகூர்த்தத்துக்கு ஒரே ஒரு வரி. அதில் ‘மேளம் - ரெக்கார்டட்?’ என்று கேள்விக்குறியோடு இருந்தது.

அவன் அம்மாவுக்கு இது பொறுக்கவில்லை. “மேளக்காரங்க இல்லாம கல்யாணமாடா? நாலு பேர் என்ன சொல்லுவாங்க?” என்று கேட்டிருக்கிறார். “நாலு பேர் கேக்கவே மாட்டாங்கம்மா, அதான் பிரச்சினையே” என்று இவன் சொல்லியிருக்கிறான்.

காசு மிச்சம் பிடிக்க அவன் அப்படிச் சொல்லவில்லை. என்னிடம் விளக்கியபோது அவன் வாதம் இதுதான்: “ஒரு மனுஷன் சின்ன வயசுலேர்ந்து சாதகம் பண்ணிட்டு வந்து உக்காந்து வாசிக்கிறார். எதிர்ல ஐந்நூறு பேர் போன் பாத்துக்கிட்டு, காபி எங்கன்னு தேடிக்கிட்டு இருக்காங்க. அது அவமானம் இல்லையா? ஸ்பீக்கரை யாராலும் அவமானப்படுத்த முடியாது. கேக்க மாட்டோம்னு தெரிஞ்சா கூப்பிடாம இருக்கறதுதான் நாகரிகம்.”

இதை எளிதில் தள்ளிவிட முடியாது. வழக்கமாகச் சொல்லப்படும் இரண்டு பதில்களும் இதற்கு முன்னால் நிற்பதில்லை.

முதல் பதில், ‘அவர்கள் பிழைப்பு என்ன ஆவது?’ என்பது. பிழைப்பு முக்கியம்தான். ஆனால் ஒருவருடைய வேலை தேவையில்லை என்று நினைத்துக்கொண்டே பரிதாபத்துக்காக அவரைக் கூப்பிட்டால், அதற்குப் பெயர் தானம். வித்வானைக் கூப்பிட்டு அவர் வித்தைக்குத் தானம் கொடுப்பது, நண்பன் சொன்ன அவமானத்தைவிடக் கொஞ்சம் பெரிய அவமானம்.

இரண்டாவது, ‘இது நம் மரபு’ என்பது. எந்த மரபு? நாதஸ்வரக்காரர் தோளில் துண்டு போடக்கூடாது, இடுப்பில்தான் கட்டிக்கொள்ள வேண்டும் என்று சொன்னதும் இதே மரபுதான். சுயமரியாதை இயக்கம் அந்தத் துண்டை ஒரு அரசியல் பிரச்சினையாக எடுக்க வேண்டியிருந்தது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை கோட்டும் ஷெர்வானியும் போட்டு மேடை ஏறியதைப் பெரிய மேதையின் கிறுக்கு என்று கதையாகச் சொல்கிறோம். அந்த உடுப்புக்கு முன்னால் இருந்த துண்டு விவகாரத்தைச் சேர்த்துப் பார்த்தால் அதில் கிறுக்கு எதுவும் இல்லை.

மரபு இன்னொன்றும் செய்தது. ஒரு கருவியை மங்கல வாத்தியம் என்று மேடைக்குப் பக்கத்தில் உட்காரவைத்தது. பறையைச் சாவோடு கட்டிப்போட்டு, அதை அடிப்பவரையும் ஊருக்கு வெளியே நிறுத்தியது. ஒலிக்கு ஏது தீட்டு? ஆளுக்குப் போட்ட தீட்டு கருவிக்கும் ஒட்டிக்கொண்டது. இன்று சில கல்யாணங்களில் மாப்பிள்ளையையும் பெண்ணையும் பறை அடித்து அழைத்துவருகிறார்கள் என்றால், அது பாட்டுத் தேர்வு மட்டும் அல்ல. ஆகவே ‘மரபு’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லி என் நண்பனின் வாயை அடைக்க எனக்கு மனம் வரவில்லை.

அவன் வாதத்தில் ஒரு அனுமானம் ஒளிந்திருக்கிறது. ஒரு இசைக்கலைஞருக்கு மரியாதை என்றால் அவர் வாசிப்பதைக் கேட்பது மட்டும்தான் என்று அவன் நினைக்கிறான். கச்சேரி மேடைக்கு அது பொருந்தும். கல்யாண வீட்டிலும் ஒரு காலத்தில் பொருந்தியது. பெரிய வீட்டுக் கல்யாணங்கள் கர்நாடக இசைக்கு முக்கியமான மேடைகளாக இருந்தன. பத்திரிகை வராதவர்களும் பந்தலுக்கு வெளியே நின்று கேட்டுவிட்டுப் போனார்கள். அந்தக் காலம் போய்விட்டது. ஆனால் அந்தக் காலத்திலும் முகூர்த்த மேளம் கச்சேரியாக இருந்ததில்லை. அதன் வேலையே வேறு.

அடுத்த முறை ஒரு முகூர்த்தத்துக்குப் போனால் மேடையைப் பார்க்காமல் மேளக்காரர்களைப் பாருங்கள். வாய் சீவாளியில் இருக்கும். கண் மணமேடையில் இருக்கும். பெண்ணை அழைத்துவரத் தாமதமானால் ஆலாபனை நீளும். மாலை வந்துவிட்டதென்றால் மாலை மாற்றும் பாட்டுக்குத் தாவும். ஊஞ்சல் இருக்கிற கல்யாணம் என்றால் ஊஞ்சலுக்கு, இல்லையென்றால் அடுத்ததற்கு. சடங்கு ஊருக்கு ஊர், சாதிக்குச் சாதி மாறும். எல்லாவற்றுக்கும் அவர்கள் கையில் ஏதாவது இருக்கும். தவில்காரர் விரல்களில் கூடு மாட்டிக்கொண்டு, கழியைக் கையில் வைத்துக்கொண்டு, புரோகிதரின் கை எப்போது உயரும் என்று காத்திருப்பார். மண்டபத்தில் ஐந்நூறு பேர் இருக்கலாம். அவர்களில் முகூர்த்தம் முழுக்க ஒரு நிமிடம்கூடக் கண்ணை எடுக்காமல் அந்தக் கல்யாணத்தைப் பார்க்கிறவர்கள் புரோகிதரும் போட்டோகிராபரும் மேளக்காரர்களும்தான்.

எங்கள் தொழிலில் இன்டரப்ட் என்று ஒன்று உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் வேலையை நிறுத்திவைத்துவிட்டு, வந்த அவசர வேலையை முதலில் முடிப்பது. அது முடிந்ததும் கணினி விட்ட இடத்துக்குத் திரும்பிவிடும். மேளக்காரர் பெரும்பாலும் திரும்புவதில்லை. கெட்டி மேளம் வந்ததும், அவர் கட்டிக்கொண்டிருந்த ராகம் பாதியிலேயே நின்றுபோகும். யாரோ இரண்டு பேருடைய ஒரு நிமிடத்துக்காகத் தன் வாசிப்பைப் பாதியில் விடத் தயாராக அவர் உட்கார்ந்திருக்கிறார். நாம் அவரைக் கேட்காமல் இருக்கலாம். அவர் நம்மைக் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறார்.

பென் டிரைவால் இது முடியாது. அதில் இருக்கிற நாதஸ்வரம் நன்றாகவே இருக்கும். பெரிய வித்வானுடையதாகக்கூட இருக்கலாம். ஆனால் அதற்குக் கண் இல்லை. தாலி கட்டி, மூன்றாவது முடிச்சும் விழுந்த பிறகு கெட்டி மேளம் ஆரம்பித்த ஒரு கல்யாணத்துக்கு நான் போயிருக்கிறேன். மைக் செட் பையன் டிபன் சாப்பிடப் போயிருந்தான். இன்னொரு இடத்தில் போனில் இருந்து ஓடிய மேளத்துக்கு நடுவே விளம்பரம் வந்தது. கோயில்களில் மோட்டார் வைத்த மேளமும் மணியும் பார்த்திருப்பீர்கள். சுவிட்சைப் போட்டால் சந்நிதியில் தீபாராதனை நடக்கிறதா, திரை இன்னும் மூடியிருக்கிறதா என்றெல்லாம் அது பார்ப்பதில்லை. அடித்துக்கொண்டே இருக்கும். சத்தம் வேண்டும் என்றால் அது போதும்.

இதற்கு நேர் எதிரான ஒரு கல்யாணமும் நம்மிடம் இருக்கிறது. சுயமரியாதைத் திருமணங்கள் செல்லும் என்று தமிழ்நாடு சட்டமன்றம் 1967-ல் இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. புரோகிதர் தேவையில்லை. இருவருக்கும் புரிகிற மொழியில் ‘உன்னைத் துணையாக ஏற்கிறேன்’ என்று அறிவிக்கலாம். மாலை மாற்றிக்கொள்ளலாம் அல்லது மோதிரம் போடலாம். அல்லது தாலி கட்டலாம். ஏதாவது ஒன்று போதும்.

இந்த மூன்றில் முதல் வழியை நினைத்துப் பாருங்கள். அங்கே முக்கியமான நிமிடம் ஒரு வாக்கியம். அதைக் கூடியிருப்பவர்கள் கேட்க வேண்டும். அங்கே போய்க் கெட்டி மேளம் அடித்தால் கல்யாணத்தையே அடித்து மூடிவிட்டது போலாகும். ஒரு சடங்கு அந்த நிமிடத்தில் கெட்டது எதுவும் காதில் விழக்கூடாது என்கிறது. இன்னொன்று சொன்ன சொல் காதில் விழ வேண்டும் என்கிறது. இரண்டையும் என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. முதலாவதில் பயம் இருக்கிறது, அன்பினால் வரும் பயம். இரண்டாவதில் நம்பிக்கை இருக்கிறது. இரண்டிலும் அந்த நிமிடத்தின் மேல் யாரோ கவனமாக இருக்கிறார்கள். சகுனத்தில் நம்பிக்கை இல்லாதவர்களுக்கு நேர்மையான மாற்று மௌனம்தான். மேளமும் வேண்டாம், பென் டிரைவும் வேண்டாம். ஒரு நிமிடம் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டு அந்த இருவர் சொல்வதைக் கேட்கலாம்.

சரி, இதெல்லாம் முகூர்த்தத்துக்கு. ரிசப்ஷன் வேறு, அது ஜாலிக்கு என்று தோன்றலாம். 1957-ம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் அப்படிப் பிரிக்கவில்லை. மதச் சடங்குகளில் பாட்டுப் போடுவது உரிமை மீறல் ஆகாது என்று சொல்லும் இடத்திலேயே, கல்யாண ஊர்வலமும் கல்யாணத்தோடு சேர்ந்த மற்றக் கொண்டாட்டங்களும் அதில் அடங்கும் என்று விளக்கம் கொடுக்கிறது. கல்யாணங்களில் பாட்டுப் போடப் பணம் கேட்கக்கூடாது என்று மத்திய அரசு 2023 ஜூலையில் இதைத் திரும்பவும் அறிவித்தது. சட்டத்தின் கண்ணில் டிஜேயும் சடங்கின் பகுதிதான். அப்படியென்றால் அதே கேள்வியை அங்கேயும் கேட்கலாம்: இந்த இசை யாரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது?

என் நண்பனின் 43 வரிகள் அவனையும் அவளையும் பற்றியவை. முதன்முதலில் சேர்ந்து போன படத்தின் பாட்டு, சண்டை போட்டுப் பேசாமல் இருந்த நாட்களில் அவள் அனுப்பிய பாட்டு, இப்படி. அழகான பட்டியல். ஆனால் அது ஒரு சுயசரிதை. இரவு பஸ் பிடித்து வந்திருக்கும் சித்தப்பா அதற்குள் எங்கே இருக்கிறார்? அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் காதில் வாயை வைத்து “சாப்டாச்சா?” என்று கத்திக்கொண்டிருக்கிறார். கெட்டி மேளம் ஒரு நிமிடம் செய்வதை நம் ரிசப்ஷன் ஸ்பீக்கர்கள் மூன்று மணி நேரம் செய்கின்றன. யார் பேசுவதும் யார் காதிலும் விழுவதில்லை. பத்து வருடம் கழித்துச் சந்தித்த இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, பேச முடியாமல் போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்புகிறார்கள்.

இதற்காக டிஜே வேண்டாம், நாதஸ்வரம் போதும் என்று நான் சொல்லவரவில்லை. நல்ல லைட் மியூசிக் குழுவுக்குக் கூட்டத்தில் இருந்து துண்டுச்சீட்டு வரும். பாடகர் அதைப் படித்துவிட்டு, யாரோ ஒரு பெரியம்மாவுக்காக இளையராஜா பாட்டு ஒன்றை எடுப்பார். நல்ல டிஜே ஆடுகிறவர்களின் காலைப் பார்த்துக்கொண்டே இருப்பார். கூட்டம் களைத்தால் வேகத்தைக் குறைப்பார். குழந்தைகள் மேடை ஏறினால் போட்டிருந்த பாட்டைப் பாதியில் வெட்டுவார். அவரும் தவில்காரரும் ஒரே இனம். நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது என்பதற்காக, உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்காமல் நேரலையாக வாசித்துத் தள்ளும் குழுவும் இருக்கிறது. அவர்களும் பென் டிரைவும் ஒன்றுதான். கவனிக்கிறார்களா என்பதுதான் எனக்கு முக்கியம். கருவி எது என்பது அதற்குப் பிறகு.

நண்பன் எழுப்பிய அவமானக் கேள்வி மிச்சம் இருக்கிறது. நம்மைக் கவனிக்கிறவரை நாம் திரும்பிப் பார்க்காமல் இருப்பது தவறுதான். ஆனால் அதற்குத் தீர்வு அவரைக் கூப்பிடாமல் இருப்பது என்பதை நான் ஏற்கவில்லை. வீட்டில் அம்மாவின் சமையலை யாரும் பாராட்டுவதில்லை என்பதற்காக ஹோட்டலில் வாங்கிவிடுவது போன்ற தீர்வு அது. கொஞ்சம் சிரமப்பட்டால் செய்யக்கூடிய காரியங்கள் இருக்கின்றன.

நாதஸ்வரம் கோயில் வீதிக்கும் திறந்த பந்தலுக்கும் செய்த கருவி. தாழ்ந்த கூரை போட்ட ஏசி மண்டபத்தில் அதற்கு முன்னால் மைக்கையும் வைத்துவிட்டு, காது வலிக்கிறது என்று வாசிப்பவரை முறைக்கிறோம். மைக்கை எடுத்துவிடலாம்; மேடை தெரிகிற, கொஞ்சம் காற்றோட்டமான இடத்தில் அவர்களை உட்காரவைக்கலாம். விடியற்காலையில் வந்தவர்களைக் கடைசிப் பந்தி வரை காக்கவைக்காமல் சாப்பிடவைக்கலாம். ஒவ்வொரு போட்டோவின் மூலையிலும் போட்டோகிராபர் பெயர் இருக்கிறது. பத்திரிகையில் நாதஸ்வரம், தவில் வாசிப்பவர்களின் பெயர்களைப் போட ஒரு வரி போதும். முகூர்த்தத்துக்கு முன்னால், கூட்டம் சேராத நேரத்தில், குடும்பத்தில் இசை பிடித்த நாலு பேர் எதிரில் போய் உட்கார்ந்து, “அண்ணே, உங்களுக்குப் பிடிச்சதை வாசிங்க” என்று கேட்கலாம். அரை மணி நேரம். யாரும் நடுவில் கெட்டி மேளம் கேட்காத அரை மணி நேரம்.

இதையெல்லாம் செய்ய மனமில்லை என்றால் கூப்பிட வேண்டாம். அந்த இடத்தில் என் நண்பன் சொன்னது சரி. ஆனால் அப்போது ஸ்பீக்கரும் வேண்டாம். தாலியோ மாலையோ ஒரு வாக்கியமோ, எதுவாக இருந்தாலும் அந்த ஒரு நிமிடம் அமைதியாக இருக்கட்டும். யாராவது தும்மினால் தும்மட்டும். பெண்ணின் அப்பா அழுதால் அது எல்லார் காதிலும் விழட்டும்.