இறந்தோர் நிலையும் இருந்தோர் துயரும்

ஜப்பானிய நாவலொன்றைச் சைவ வெளியீட்டில் எடுத்துப் பேசுதல் தகுமோவெனச் சில அன்பர்கள் ஐயுறுதல் கூடும். அருணந்தி சிவாசாரியார் பரபக்கத்திற் பௌத்தர் மதத்தை அவர் கூற்றாகவே முன் நிறுத்திப் பின்னரே மறுத்தார். பிறர் கூறுவதைக் கேளாது விடுதல் நம் மரபன்று.

யூ மிரி என்னும் அம்மையார் 2014-இல் வெளியிட்டு, 2019-இல் ஆங்கிலத்திற் பெயர்க்கப்பட்ட நூல் அது. எம்மிடம் பாடங்கேட்கும் மாணவரொருவர் புத்தூரில் எம் இல்லத் திண்ணையிலிருந்து நாடோறும் தமிழிற் சொல்லிவரக் கேட்டோம். அதன்கண் கதை கூறுவோன் இறந்துபட்ட ஒருவன். 1933-இல் புகுசிமா நாட்டிற் பிறந்தோன். 1964-ஆம் ஆண்டு ஒலிம்பிக் பந்தயத்தின் பொருட்டுத் தோக்கியோவிற் கூலிவேலை செய்தோன். பொருள்வயிற் பிரிந்தே வாழ்ந்தமையின் மனைவி மக்களோடு உடனுறைந்த நாள் மிகச் சிலவே. மகன் இளமையில் இறந்தான். மனைவியும் பின் இறந்தாள். முதுமையில் உவேனோ பூங்காவில் வீடின்றிக் கிடந்தவன், மாய்ந்த பின்னும் அவ்விடத்தே நின்று மழையொலியையும் வழிப்போவார் பேச்சையும் கேட்டுக்கொண்டிருக்கின்றான். அச்சுறுத்தும் பேயல்லன். கேட்பதன்றி அவனுக்குச் செயலொன்றுமில்லை.

இதனை நம் நூனெறி வைத்து விளக்குதல் எளிது. தூலவுடல் வீழினும், தன்மாத்திரை ஐந்தும் மனம் புத்தி அகங்காரங்களுமாகிய புரியட்டகம் உயிரை விட்டு நீங்காது. நிலைத்த ஆன்மா இல்லையென்னும் புத்த நெறிக் குடியிற் பிறந்தோன் இறந்தும் மகனை நினைந்திருப்பானாயின், நினைப்பவன் யாரென வினவி மடக்கவும் கூடும். வாதத்தில் வெற்றி எமதே. ஆயினும் அவ்வெற்றி எமக்கு இனித்திலது.

சென்ற ஆண்டு எம் தமையனார் மறைந்தனர். பதினாறாம் நாள் கழிந்தபின் அண்ணியார் எம்மை அழைத்து, "தம்பி, அவருக்குப் பசி தெரியுமோ? யாரிடம் போய்க் கேட்பார்?" என்றனர். யாம் புரியட்டகத்தை விரித்து, தூலவுடலின்றிப் பசியில்லையென நிறுவினோம். அவர் தலையசைத்து உள்ளே சென்றனர். பின்னர் எம்மிடம் ஒன்றும் கேட்டிலர்.

அந்நாவலிலும், இறந்த மகன் அமிதாபர் உலகிற் பிறந்துவிட்டானென்று சமயத்தார் தேற்றுகின்றனர்; தந்தைக்கு அது செவியளவில் நின்றுவிடுகின்றது. அவ்விடத்தைக் கேட்டபோது அண்ணியார் முகமே எமக்குத் தோன்றிற்று. அவர்தம் தேற்றுரை பொய்யாதலின் உள்ளிறங்கவில்லையென்று சொல்லித் தப்ப எம்மால் இயலாது. யாம் கூறியது மெய், அதுவும் இறங்கிற்றிலது. அண்ணியார் வினவியது உடலின் இலக்கணமன்று. நாற்பதாண்டு சோறிட்ட கை இனி என் செய்வதென்பது. காரைக்காலம்மையார் பேயுருவையே வேண்டிப் பெற்றாரெனின், அது அவர் பேரன்பு. துயருற்றார் யாவர்க்கும் அதனை அன்றைக்கே விதித்தல் ஆகாது. சரியை கிரியைகளை ஞானத்திற்கு முன் வைத்த நம் நெறி இதனை அறியும். அதனைக் கற்பிக்கும் யாம் அறிந்திலேம்.

இவ்வாடியமாவாசையன்று அண்ணியார் இலையிட்டுப் படைத்தனர். யாம் வாதம் ஒன்றும் எடாது உடனிருந்தோம். தமையனார்க்கு விருப்பமான வாழைக்காய்க் கறியில் உப்புச் சற்றுக் குறைந்துவிட்டதென்று அவர் தமக்குள்ளே சொல்லிக்கொண்டனர்.