துணி தேரும் நேரம்

ரேணிகுண்டா என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது, திருப்பதிக்குச் செல்வோர் வண்டி மாறும் ரயில் சந்திப்பு. தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் அப்பகுதியில் வீட்டுப் பெண்கள் பழம்புடவைகளை அடுக்கித் தைத்துப் போர்வையாக்கும் வழக்கம் உண்டு. தெலுங்கில் அதற்குப் 'பொந்த' என்று பெயர்; வங்காளத்தில் 'காந்தா'. வடமொழியில் 'கந்தா' என்றால் ஒட்டுத்துணி ஆடை. நமது 'கந்தை' அதற்கு உறவுள்ள சொல்.

தையலைக் காட்டிலும் அதற்கு முந்தைய நேரமே சிந்தனைக்கு உரியது. மூதாட்டி ஒருவர் பெட்டியைத் திறந்து துணிகளைத் தரையில் பரப்புகிறார். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்து, இழை நைந்த இடம் எது என்று பார்க்கிறார். பலமுறை துவைத்த பருத்தியுடன் புதுத்துணியைச் சேர்த்துத் தைத்தால், முதல் சலவையிலேயே புதியது சுருங்கிப் பழையதை இழுத்துக் கிழிக்கும். பாலியெஸ்டர் புடவை கண்ணுக்கு அழகு. ஆனால் வியர்வையை ஏற்காது, ஊசிக்கும் நழுவும். வெங்கடகிரிப் பருத்தியின் மெல்லிய உடல் குழந்தையின் மேனிக்கு ஏற்றது. அதன் சரிகைக் கரை உறுத்துமாதலால் அதனை வெட்டி ஒதுக்க வேண்டும்.

ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஸ்ரீகாளஹஸ்தியில், கடுக்காயும் பாலும் ஊட்டிய துணியில் மூங்கில் எழுதுகோலால் கலம்காரி வரைகிறார்கள். அதில் ஒரு துண்டு கையிலிருந்தால் அதனை நடுவில் வைத்துப் பலர் மெச்சத் தைக்கும் ஆசை யாருக்குத்தான் எழாது? மூதாட்டியும் அதை வைத்துப் பார்க்கிறார். இது சுவரில் தொங்க வேண்டியது, உறங்குபவரின் கால்பட்டுத் தேய வேண்டியதன்று என்று மடித்து வைத்துவிடுகிறார். அவர் முகத்தில் ஏமாற்றம் இல்லை. இனிய நிறைவே தெரிகிறது.

அந்த நிறைவு எங்கிருந்து வருகிறது? ஜவுளிக்கடையில் நூறு புடவைகளை விரித்துப் பார்த்து ஒன்றை வாங்கியவர், வீடு திரும்புமுன்பே விட்டுவந்த மற்றொன்றை நினைத்து ஏங்குகிறார். அங்கே 'எனக்கு எது வேண்டும்?' என்பது கேள்வி. பெட்டியின் முன்னே அமர்ந்தவரோ 'இதற்கு எது பொருந்தும்?' என்று கேட்கிறார். கேள்வியில் 'நான்' விலகியதும் மனம் தானே அடங்குகிறது. பதஞ்சலி முனிவர் ஐந்து நியமங்களுள் இரண்டாவதாக வைத்த சந்தோஷம் இத்தகையதாக இருக்கக்கூடும். சோம்பிக் கிடப்பவனின் திருப்தியை அவர் நியமம் என்று சொல்லியிருக்கமாட்டார்.

ஆயினும் ஒரு தடை எழுகிறது. கந்தலையும் விடாமல் சேர்த்து வைப்பது பற்று ஆகாதா?

பௌத்த விநய நூலில் இதற்கொரு விடை உண்டு. கோசாம்பி அரசன் உதயணனின் அந்தப்புரத்து மகளிர் ஆனந்தருக்கு 500 ஆடைகளை வழங்கினர். துறவிக்கு இத்தனை எதற்கு, கடை வைக்கப் போகிறாரா என்று அரசன் சினந்து கேட்டான். ஆடை நைந்த பிக்குகளுக்குப் பகிர்ந்தளிப்போம் என்றார் ஆனந்தர். பழையவை? படுக்கை விரிப்பாகும். அதுவும் பழையதானால்? மெத்தை உறை, பின் தரைவிரிப்பு, பின் கால்மிதி, பின் தூசி துடைக்கும் துணி. இறுதியில் அதைக் கொத்திச் சேற்றில் பிசைந்து தரை மெழுகுவோம் என்றார். அரசன் மனம் நெகிழ்ந்து மேலும் 500 ஆடைகளை அளித்தான். எதையும் தமக்கென்று வைத்துக்கொள்ளாதவரே எதனையும் வீணாக்காமலும் இருந்தார். பெட்டியில் பூட்டிக் கிடக்கும் துணியே பற்றின் அடையாளம்; பயன்பட்டுத் தேய்வது அப்படியன்று.

மூதாட்டியின் பெட்டியடியில் மறைந்த கணவரின் வேட்டி ஒன்று கிடக்கிறது. நல்ல பருத்தி, பதமாகத் தேய்ந்தது; உள்ளடுக்குக்கு அதைவிடப் பொருத்தமான துணி இல்லை. அது அவருக்கே தெரியும். எடுத்துப் பார்ப்பதும் திரும்ப வைப்பதுமாக ஆண்டுகள் சில கழிந்திருக்கின்றன. இம்முறை தைப்பது பிறக்கப் போகும் கொள்ளுப்பேரனுக்கு. வேட்டியை எடுக்கிறார், முகத்தருகே சற்று நேரம் வைத்திருக்கிறார். பிறகு கத்தரிக்கோலைக் கேட்கிறார்.