அழிக்கிற உரிமை யாருக்கு?

கம்ப்யூட்டரில் எதையாவது 'அழித்துவிட்டேன்' என்று ஒருவர் சொன்னால் நம்பிவிடாதீர்கள். ஹார்டு டிஸ்க் என்பது காந்தப் பூச்சுள்ள வட்டத் தட்டு. எந்தக் கோப்பு எங்கே கிடக்கிறது என்று குறித்து வைக்க அதில் ஒரு பட்டியல் உண்டு. 'அழி' என்றால் அந்தப் பட்டியலிலிருந்து பெயர் மட்டும் போகிறது. எழுத்து இருந்த இடத்திலேயே கிடக்கிறது. அவசர பார்மேட் செய்தாலும் இதே கதைதான். பட்டியல் புதுசு, சரக்கு பழசு. எம்.ஐ.டி.யைச் சேர்ந்த சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலத் என்ற இருவர் பழைய சந்தையில் 158 டிஸ்க்குகளை வாங்கிச் சோதித்து 2003இல் எழுதினார்கள். ஓடிய 129இல் ஒழுங்காகத் துடைக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே. மற்றவற்றில் கடன் அட்டை எண்களும் நோயாளிகளின் குறிப்புகளும் அகப்பட்டன. டிஸ்க்கை உடைக்காமல் அழிக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு இடத்திலும் பழையதன் மேலேயே வேறொன்றை எழுத வேண்டும். முழுக்கப் பூஜ்யமாக ஒருமுறை எழுதினால் போதும்.

சாதியைச் சுமக்கிறவனுக்கு இது புதுச் சேதி இல்லை. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. பட்டியலில் பெயர் போனது. டீக்கடையிலும் கோயில் வாசலிலும் சுடுகாட்டுப் பாதையிலும் சரக்கு அப்படியே கிடந்தது. அம்பேத்கருக்கு இது தெரியும். அரசியலில் சமத்துவம், சமூக வாழ்வில் சமத்துவமின்மை என்ற முரண்பாட்டுக்குள் போகிறோம் என்று 1949 நவம்பர் 25இல் அரசியல் நிர்ணய சபையிலேயே எச்சரித்தார். 1927 மார்ச் 20இல் மகாத் சவுதார் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்து, பழைய எழுத்தின் மேலேயே புது எழுத்தை எழுதிக் காட்டியவர் அவர். சாதி இந்துக்கள் என்ன செய்தார்கள்? 108 குடம் தண்ணீரை இறைத்துக் கொட்டி, சாணியும் மாட்டு மூத்திரமும் கலந்து குளத்தைச் 'சுத்தம்' பண்ணினார்கள். அதுவும் அழிப்புதான், நம் கை பட்ட தடத்தை அழிக்கிற அழிப்பு.

ஆகவே அழிக்கலாமா கூடாதா என்பதல்ல கேள்வி. யார் அழிப்பது என்பதே கேள்வி.

இந்தக் கேள்வி எங்களுக்கு ஜூஜுவாடியில் வந்தது. ஜூஜுவாடி தமிழ்நாட்டின் விளிம்பு. பெங்களூர் சாலையில் செக்போஸ்டைத் தாண்டினால் அத்திப்பள்ளி, கர்நாடகம். இந்தப் பக்கம் ஓசூர் சிப்காட். கழித்துப் போடுகிற கம்ப்யூட்டர்கள் பழைய இரும்புக் கடைக்கு எடைக்கு வரும். நம்ம சனங்க சொல்லும் வாக்குமூலங்களையும் நிலப் பத்திர நகல்களையும் சேர்த்து வைக்க எங்கள் படிப்பகத்துக்கு இடம் வேண்டியிருந்தது. புதுசு வாங்கக் காசில்லை. பழைய டிஸ்க் ஒன்றை வாங்கினோம். ஓடுகிறதா என்று மாட்டிப் பார்த்த தம்பி கூப்பிட்டான். "அண்ணா, இதுல ஆளுங்க பேரெல்லாம் இருக்குது."

ஒரு காண்டிராக்டரின் கணக்கு அது. கூலிப் பட்டியல், பி.எஃப். பிடித்தம், ஆதார் நகல், சாதிச் சான்றிதழ் நகல் எல்லாம் இருந்தன.

ஒரு தோழர் துடைக்கக் கூடாது என்றார். "இது சாட்சி. வாச்சாத்தியை மறந்துட்டீங்களா?" வாச்சாத்தி 1992 ஜூன் 20இல் சூறையாடப்பட்டபோது ஜூஜுவாடியும் அதே தருமபுரி மாவட்டம்தான். அங்கே எதுவுமே நடக்கவில்லை என்று அரசுத் தரப்பு சாதித்தது. ஆதிவாசிப் பெண்கள் சொன்ன சாட்சியம் 19 வருடம் நின்று, 2011 செப்டம்பர் 29இல், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகளாக்கியது. 2023இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. இன்னொரு தோழர், "அடுத்தவன் பொட்டியில கை வெக்கக் கூடாது, உடனே துடைங்க" என்றார். இரண்டு பேர் பேச்சிலும் நியாயம் இருந்தது. அந்தப் பெயர்களுக்கு உரியவர்கள் மட்டும் இல்லை.

தேடிப் போனோம். சிலர் பக்கத்து லைன் வீடுகளிலேயே இருந்தார்கள். ஒருவர் சொன்னார்: "மாசாமாசம் புடிச்சான். கணக்குல ஏறல. அந்தத் தாளு எனக்கு வேணும்." அவருடைய கணக்கை மட்டும் அச்செடுத்துக் கொடுத்தோம். அதை வைத்துக்கொண்டு மனு போட்டிருக்கிறார்.

ஒரு பெண் வேறு மாதிரி சொன்னார். "அழிச்சிடுங்கண்ணா. வேற சாதி சொல்லித்தான் இந்த வீட்டைப் புடிச்சோம். ஓனருக்குத் தெரிஞ்சா நாளைக்கே சாமானத் தூக்கி வெளிய போட்ருவாங்க. சொல்ற நேரம் வந்தா நானே சொல்லிக்கிறேன்."

படிப்பகத்தில் மறுபடியும் சண்டை. 'சாதியை மறைப்பது அடிமைப் புத்தி இல்லையா? நிமிர்ந்து சொல் என்றுதானே இத்தனை வருடம் எழுதினோம்?' என்றார்கள். எழுதினோம்தான். ஆனால் நிமிர்வது அவர் முதுகு; எப்போது நிமிர்வது என்பதும் அவர் கையில். அந்த மறைப்பில் அவமானம் இருக்குமானால் அது வீடு தர மறுக்கிறவனுடையது. அவர் விருப்பமில்லாமல் அவர் சாதியை நாம் வைத்துக்கொண்டால் அது வாக்குமூலம் ஆகாது, பதிவேடு ஆகும். குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கு நீட்டிக்கப்பட்டபோது போலீஸ் வைத்திருந்ததும் பதிவேடுதான். அதில் மக்களின் பெயர் இருந்தது, கைரேகை இருந்தது, அவர்கள் சொல் மட்டும் இல்லை. வாக்குமூலம் என்பது ஒருவர் தானாக வாய் திறந்து கொடுப்பது. கொடுத்தவருக்குத் திரும்பக் கேட்கவும் உரிமை உண்டு. தன் தகவலை அழிக்கச் சொல்லும் உரிமையை 2023ஆம் வருடத்துத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் எழுதியிருக்கிறது. சட்டம் சொல்லாவிட்டாலும் அது நியாயம்தான்.

தேடியும் கிடைக்காதவர்கள் நிறையப் பேர். அவர்களுக்காக முடிவெடுக்க நமக்கு உரிமை இல்லை. ஆனால் வைத்துக்கொள்வதும் ஒரு முடிவுதானே? கூலிக் கணக்குக்கு வேறு தடயம் இருக்கக்கூடும். வெளியே போன சாதிச் சான்றிதழை யாராலும் திரும்ப உள்ளே வைக்க முடியாது. கேட்டவர்களுக்குக் கொடுத்தது போக மிச்சத்தை முழுக்கப் பூஜ்யம் எழுதித் துடைத்தோம். அதனால் யாராவது ஒருவருக்கு ஒரு சாட்சி போயிருக்கலாம். அந்தப் பாரம் எங்கள் மேல்தான்.

இப்போது அந்த டிஸ்க்கில் நம் சனங்களின் குரல்கள் இருக்கின்றன. பழைய டிஸ்க் எப்போது வேண்டுமானாலும் சாகும். அதனால் எல்லாவற்றுக்கும் வேறிடத்தில் இன்னொரு பிரதி. பேசியவர் 'வேண்டாம்' என்றால் இரண்டிலும் அழிக்கப்படும் என்பது விதி.

ஆதிக்கம் இதை நேர்மாறாகத்தான் செய்துவருகிறது. சாதியைப் பட்டியலில் மட்டும் அழிக்கிறது. நம் தடயங்களை அடியோடு துடைக்கிறது. நாம் அதைத் தலைகீழாகப் புரட்டியாக வேண்டும், தோழர்களே. சாதியின் மேல் இடம் விடாமல் எழுதுவோம். நம் சனத்தின் சொல்லை, அவர்களைக் கேட்காமல் வைக்கவும் மாட்டோம், அழிக்கவும் மாட்டோம்.