முதல் தீம் பார்க் பயணம்

சிறு குழந்தைகளோடு முதன்முதலாகத் தீம் பார்க் போகும் மதுரை வண்டியூர்க் குடும்பத்துக்கு மேட்டுப்பாளையம் பிளாக் தண்டரைவிடப் பரவையில் உள்ள அதிசயம் பூங்காவே ஏற்றது. நகரின் மறுகோடிதான், பிள்ளை சோர்ந்தால் உடனே வீடு திரும்பிவிடலாம். பெரிய ராட்டினங்களில் உயரம் பார்த்தே ஏற்றுவார்கள். முந்தைய நாளே பிள்ளையை வீட்டுச் சுவரோரம் நிறுத்தி அளந்து, எதில் ஏறலாம் என்று பூங்காவில் விசாரித்துக் குழந்தையிடம் சொல்லிவைக்க வேண்டும். வரிசையில் வெகுநேரம் நின்றபின் திருப்பி அனுப்பப்படும் பிள்ளையின் ஏமாற்றம் சின்னதல்ல. நீர்ச்சறுக்குக்குப் பருத்தி ஆடை ஆகாது, நைலான் வேண்டும். கோடையில் மதுரை வெயில் 40 டிகிரியை எட்டும். நீர் விளையாட்டைக் காலையிலேயே முடித்து, நண்பகலை நிழலில் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் ஒதுக்கலாம். முழங்கால் அளவுத் தண்ணீரிலும் மழலைகள் பெரியவரின் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்க வேண்டும்.