வேகமும் அசிரத்தையும்

மாடலை நேரில் உட்காரவைத்து இருபது நிமிஷத்தில் முடித்த மனித உருவச் சித்திரத்தைப் பற்றி நம்மிடையே இரண்டு அபிப்பிராயங்கள்தான் புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்று, ‘அவசரத்தில் போட்டது.’ மற்றது, ‘கோட்டில் என்ன உயிர்!’ முதலாவதைச் சொல்பவர் உடற்கூறு தெரிந்தவர் என்று பெயர் வாங்குகிறார். இரண்டாவதைச் சொல்பவர் நவீனர். இருவரும் பேசுவது ஓவியனின் கடிகாரத்தைப் பற்றி. சித்திரத்தில் எது பார்க்கப்பட்டது, எது பார்க்கப்படவில்லை என்ற கேள்வி இருவருக்கும் எழுவதில்லை. எதிரே உட்கார்ந்திருந்த ஆள் இருவர் பேச்சிலும் இல்லை.

வேகத்துக்கு ஆதரவாக வழக்கமாக இழுத்துவரப்படும் சாட்சி விஸ்லர். அவருடைய இரவுக் காட்சி ஒன்றை ரஸ்கின் 1877-ல் இழித்து எழுத, விஸ்லர் வழக்குப் போட்டார். 1878 நவம்பரில் லண்டன் நீதிமன்றத்தில், இரண்டு நாள் வேலைக்கா 200 கினி என்று கேட்கப்பட்டபோது, ஆயுள் முழுதும் சேர்த்த அறிவுக்கு என்ற பொருளில் பதில் சொன்னார். ஜெயித்தார். நஷ்டஈடாகக் கிடைத்தது ஒரு ஃபார்த்திங், அதாவது கால் பென்னி. அடுத்த வருஷம் திவாலானார். அவர் பதில் ஓவியனின் விலையை நியாயப்படுத்துகிறது, சரி. ஆனால் அந்தப் படத்தின் விஷயம் இருட்டும் வாணவேடிக்கையும். வாணத்துக்குக் கால் கடுக்காது. எதிரே ஒரு மனுஷி இருக்கும்போது இந்தப் பதில் போதுமா?

ஓவியனுக்குச் சுருங்கிப்போன இருபது நிமிஷம் மாடலுக்கு நீண்டுகொண்டே போகிறது. பாரம் ஒரு பக்கம் இறங்குகிறது; ஊன்றிய கை மரத்துப்போகிறது; தோள் மெல்லச் சரிகிறது. ஐந்தாவது நிமிஷத்து உடம்பு பதினைந்தாவதில் இல்லை. மூன்று வாரம் உட்காரவைத்து எழுதும் சித்திரம் பல உடம்புகளைச் சேர்த்து ஒன்றெனக் காட்டுகிறது. வேகமாக எழுதியதில் பிழைகள் இருக்கலாம். ஆனாலும் அது ஒரு பொழுதின் ஒரு உடம்பு. அந்த அளவில் வேகத்துக்கு ஒரு நேர்மை உண்டு.

செக்கில் உள்ள கையெழுத்தைத் திரையில் வரும் மாதிரியோடு ஒப்பிடுவது வங்கிக் கவுண்ட்டரில் என் தினசரி வேலைகளில் ஒன்று. போலிக் கையெழுத்து பெரும்பாலும் மெதுவானது. வளைவுகள் மாதிரிப்படியே இருக்கும். நடுவில் பேனா தயங்கிய இடத்தில் மை திட்டாக நிற்கும். அசல் வேகமாக விழும், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாறி விழும். வேகத்தின் கட்சிக்கு இது நல்ல உவமை. இன்னும் சற்று நீட்டினால் அந்தக் கட்சிக்கே எதிராகிவிடுகிறது. வேகமாக விழுந்த கையெழுத்து யாருடையது? போட்டவருடையது. பத்தாயிரம் தடவை போட்டுப் பழகிய கைக்கு எதிரே யார் இருந்தாலும் ஒன்றுதான்.

சென்ற வருஷம் சேலையூரில் ஒரு நண்பரின் மாடியறையில் இப்படி ஒரு வாட்டர்கலர் எழுதப்பட்டதைப் பார்த்தேன். சித்தாள் வேலைக்குப் போகும், ஐம்பதை நெருங்கும் ஒரு அம்மாள் கூலி பேசி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். முதுகும் கழுத்தும் அகலப் பிரஷ்ஷின் ஒரே இழுப்பு. வருஷக்கணக்காகச் சும்மாடு தாங்கிய கழுத்தின் விறைப்பு அதில் இருந்தது. யாரும் சொல்லிக்கொடுத்து வராத விஷயம். ஆனால் முகம் இரண்டு தீற்றல். அவர் முன்பு எழுதிய எல்லாப் பெண்களுக்கும் உள்ள அதே சாய்ந்த கண்கள். மடியில் இருந்த கைகள் அழகான ஒரு கறை.

“கழுத்தைப் பார்த்திருக்கீங்க. முகத்துல உங்க கையெழுத்தைப் போட்டிருக்கீங்க” என்றேன்.

“இன்னும் அஞ்சு நிமிஷம் கிடைச்சிருந்தா முகத்தையும் பிடிச்சிருப்பேன்” என்றார்.

குறைந்தது ஐந்து நிமிஷம் என்று நான் நினைக்கவில்லை. முகம் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் காகிதத்தை விட்டிருக்கலாம். வெற்றிடம் ‘இதற்குள் நான் போகவில்லை’ என்று ஒப்புக்கொள்ளும். பழக்கத்தால் நிரப்பிய இடம் பார்க்காததைப் பார்த்ததாகச் சாதிக்கிறது. வேகம் குற்றமில்லை, இந்தச் சாதிப்பு குற்றம். மாடல் தந்த நேரத்தைக் கூலியால் ஈடுகட்டிவிடலாம். அவர் தன்னைப் பார்க்க அனுமதித்தார், பார்க்கவில்லை என்ற கடனை எதைக் கொண்டு அடைப்பது? அன்று படத்தைப் பற்றி நாங்கள் நாலுபேர் வாதித்தோம். அவரிடம் காட்டவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

எதிரே ஆள் இருந்தால்தான் சிரத்தை வரும் என்றும் சொல்வதற்கில்லை. காந்தி நூற்றாண்டான 1969-ஐ ஒட்டி ஆதிமூலம் வரைந்த காந்தி கோட்டுச்சித்திரங்களுக்கு யாரும் உட்காரவில்லை. காந்தி இறந்து 21 வருஷம் ஆகியிருந்தது. அந்தக் கோடுகள் தெரிந்த முகத்தை நிச்சயமாகத் தெரிந்துகொண்டதாகப் பாவிக்காமல், தேடிக்கொண்டே போகின்றன. இன்னொரு பக்கம், எழும்பூர் நிலையத்தில் ஓவியக் கல்லூரி மாணவர்கள் போடும் ஸ்கெட்சுகள். தாம்பரம் வண்டி வந்ததும் மாடல் எழுந்து போய்விடுகிறார். தோளோடு நின்ற உருவம் தோளோடு நிற்கிறது. கேட்காமல் எடுத்துக்கொண்ட உருவம் என்ற ஆட்சேபம் அங்கே உண்டு. ஆனால் பாதியைப் பாதியாகவே விடுகிற யோக்கியம் அதில் இருக்கிறது.

விமர்சகனுக்கும் இதே விதிதான். இருபது நிமிஷ வேலையை இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு இரண்டு பக்கம் எழுதுகிறவன் எந்த இடத்தில் பார்ப்பதை நிறுத்தினான் என்பதும் அவன் வாக்கியத்தில் தெரிந்துவிடுகிறது. ‘உயிரோட்டமான கோடு’ என்பது அவனுடைய சாய்ந்த கண். அந்தச் சொற்றொடரை நம் பத்திரிகைகளில் கொஞ்ச காலம் நிறுத்திவைத்து, எந்தக் கோடு, உடம்பில் எதைப் பார்த்தது என்று மட்டும் எழுதிப் பார்க்கலாம். கட்டுரைகள் சிறுத்துப்போகும். பாதகமில்லை.