மேம்பாலத்தில் ஏறிய வண்டிகள்

2024 அக்டோபர் நடுவில் சென்னைக்குச் சிவப்பு எச்சரிக்கை வந்ததும், வேளச்சேரிக்காரர்கள் பாலும் மெழுகுவர்த்தியும் வாங்கி வைத்த கையோடு, கார்களைக் கொண்டுபோய் மேம்பாலத்தின் ஓரமாக வரிசைகட்டி நிறுத்தினார்கள். அபராதம் போடுகிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. போடவில்லை என்றது காவல்துறை. பயந்த அளவுக்கு மழையும் பெய்யவில்லை. ஆனாலும் அவர்களைப் பார்த்துச் சிரிக்க யாருக்கும் மனம் வராது. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தண்ணீரில் கிடந்த வண்டிகளைப் பார்த்த பகுதி அது. கடன் தவணை பாதிகூட முடியாத கார் கண்ணெதிரே மூழ்குவதைப் பார்த்தவர், மறுமுறை பாலத்தில் ஏற்றத்தான் செய்வார்.

எஞ்சின் காற்றை இழுத்து வேலை செய்கிற இயந்திரம். பிஸ்டன் மேலேறும்போது பெட்ரோல் எஞ்சினில் அந்தக் காற்று ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. டீசலில் இன்னும் அதிகமாக. தண்ணீர் அப்படி இடம் கொடுக்காது. ஏர் ஃபில்டர் வழியே தண்ணீர் சிலிண்டருக்குள் போய்விட்டால், ஏறி வரும் பிஸ்டன் பாறையில் முட்டியதுபோல் நிற்கிறது, கனெக்டிங் ராடு வளைகிறது, சில வண்டிகளில் எஞ்சின் பிளாக்கே உடைகிறது. இத்தனையும் நடப்பது எஞ்சின் ஓடும்போது, அல்லது ஓட வைக்க முயலும்போது. அணைந்த நிலையில் மூழ்கிய எஞ்சினைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம்: பேட்டரி இணைப்பைக் கழற்றி, வண்டியைக் கட்டி இழுத்துப்போய், ஸ்பார்க் பிளக்கை எடுத்துத் தண்ணீரை வெளியேற்றி, பால் கலந்த டீயின் நிறத்துக்கு மாறிப்போன ஆயிலைக் கொட்டிவிட்டுப் புது ஆயில் ஊற்றினால் பிழைத்துக்கொள்ளும். வெள்ளம் விட்டுவைத்த எஞ்சினை, தண்ணீர் வடிந்த மறுநாள் காலை, 'ஸ்டார்ட் ஆகுதான்னு பார்ப்போமே' என்று சாவியைத் திருப்பி நாமே முடித்துவைக்கிறோம். முழுக் காப்பீடு எடுத்திருந்தாலும் இப்படி வந்த சேதத்தை நிறுவனங்கள் வழக்கமாக ஏற்பதில்லை. அதற்கென்று எஞ்சின் பாதுகாப்புக்குத் தனிப் பிரீமியம் வைத்திருக்கிறார்கள். நம் அவசரத்தின் மீது அவர்களுக்கு அவ்வளவு நம்பிக்கை.

வண்டி விஷயத்திலாவது, பட்ட பிறகு, பொறுக்கக் கற்றுவருகிறோம். தண்ணீர் எங்கே வரும் என்பதை நிலம் அதற்கும் வெகு முன்பே சொல்லியிருந்தது. தென்சென்னையின் மழைநீரெல்லாம் போய்த் தங்கிய பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் குப்பையைக் கொட்டினோம், சாலை போட்டோம், அலுவலகங்கள் கட்டினோம். எஞ்சியதில் 1,247 ஹெக்டேர் 2022-இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தபோது பெருமையும் பட்டுக்கொண்டோம். ஏரிக்கரையை ஒட்டி மனை வாங்கியவர்கள் கெட்டவர்கள் அல்லர். சம்பளத்துக்கு எட்டியது அங்கேதான், அரசாங்கத்தின் அனுமதி முத்திரையும் இருந்தது. ஆனால் நீருக்கு வழிவிடாத ஊர் காருக்கு மட்டும் மேடு தேடிக்கொடுப்பதில் ஏதோ ஒரு முறைகேடு இருக்கிறது, அதில் நம் எல்லோருக்கும் பங்கும் இருக்கிறது.

எச்சரிக்கை வந்த இரவில் அடுக்குமாடிகளின் கீழ்த்தளத்தைப் பார்த்தால் இந்த முறைகேடு இன்னும் தெளிவாகும். டார்ச்சை அசைத்து, 'வாங்க சார், வாங்க, லெஃப்ட் ஒடிங்க' என்று ஒவ்வொரு காரையும் பின்னோக்கி எடுக்க வழிகாட்டுபவர் வாட்ச்மேன். கடைசி வண்டியும் போன பிறகு அவர் திரும்பிப் போகும் அறை, மோட்டாருக்குப் பக்கத்தில், அந்தக் கார்கள் நின்ற அதே தரைமட்டத்தில்தான் இருக்கிறது. அவருடைய டிரங்குப் பெட்டியும் பிள்ளைகளின் பாடப்புத்தகங்களும் கட்டிலுக்கு அடியில். தாழ்வான இடத்தில் இருப்பவர்களுக்கு என்ன ஆகும் என்பதும் தெரிந்ததுதான்: மிக்ஜாமின்போது இதே வேளச்சேரியில் கட்டுமானப் பள்ளம் ஒன்றில் சிக்கிய இரண்டு தொழிலாளர்களின் உடல்களை மீட்கச் சில நாட்கள் பிடித்தன. பம்புகள் இரவு பகலாக ஓடியும் அவ்வளவு தண்ணீர்.

அடுத்த எச்சரிக்கைக்கும் வண்டிகள் பாலம் ஏறும், ஏறட்டும். சாவியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கும்போது வாட்ச்மேன் அறைக் கதவைத் தட்டி, அந்தப் பெட்டியை மாடிக்குத் தூக்க ஒரு கை கொடுங்கள். மழை விடும்வரை அந்தக் குடும்பம் மேலே எந்த வீட்டில் தங்கும் என்பதை அசோசியேஷன் கூட்டத்தில் இப்போதே பேசி வையுங்கள்.