அமர்ந்தும் எழுந்தவர்



மரக்காணத்திலிருந்து புதுவை நோக்கிச் செல்லும் கடற்கரைச் சாலையில் அனுமந்தை என்னும் ஊர் உள்ளது. அங்கு வாழும் நம் சமயத்து அன்பர் ஒருவரைக் காண அண்மையில் சென்றிருந்தோம். மரக்காணத்து உப்பளங்களில் கணக்கெழுதி, பாத்தி வரப்புகளில் நாள்முழுதும் நடந்து உழைத்தவர் அவர். நீரிழிவினால் காலில் உண்டான புண் ஆறாமற் போகவே, உயிரைக் காக்கும்பொருட்டு மருத்துவர்கள் வலக்காலை முழங்காலுக்குக் கீழே அகற்றிவிட்டனர். அறுத்த இடம் ஆறிற்று, வலி ஆறவில்லை.

“இல்லாத பாதம் இரவெல்லாம் எரிகிறது, ஐயா. இல்லாத கட்டைவிரலை யாரோ பிடித்து முறுக்குகிறார்கள். சொன்னால் நம்புவார் இல்லை” என்று கண்கலங்கினார்.

காண வந்தோருள் சிலர், “காலே இல்லையே, வலி எங்கிருந்து வரும்?” என்றனராம். வேறு சிலர், “முன்செய்த வினை, அனுபவித்துத்தான் தீரவேண்டும்” என்றனராம். இவ்விரு சொற்களும் தகுமா என்பதைச் சிந்திப்போம்.

முதற்சொல் அறியாமையால் வந்தது. உறுப்பு இழந்தோருள் பெரும்பாலோர்க்கு அவ்வுறுப்பு இன்னும் இருப்பதாகவே உணர்வு தோன்றும். பலர்க்கு அதில் வலியும் உண்டாகும். அமெரிக்க உள்நாட்டுப் போரில் காயமுற்றோரைக் கவனித்த வெயர் மிட்செல் என்னும் மருத்துவர், 1871-இல் இதற்கு ‘மாய உறுப்பு’ என்று பெயரிட்டார். பெயர்தான் மாயம், வலி மெய்யே. கால் நீங்கினும், அதற்குரிய இடம் மூளையில் நீங்குவதில்லை. அறுபட்ட நரம்புகளும் ஓய்வதில்லை. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற டாக்டர் வி. எஸ். இராமச்சந்திரன், 1990-களில் கண்ணாடி கொண்டு செய்யும் எளிய பயிற்சி ஒன்றை வகுத்தார். நலமான காலின் பிம்பத்தை இழந்த காலின் இடத்தில் காணுமாறு கண்ணாடியை நிறுத்தி, நலமான காலை மெல்ல அசைக்கச் செய்வர். எல்லார்க்கும் பயன்படுவதில்லை எனினும், சிலர்க்கு வலி தணிகின்றது. நரம்பு வலிக்குரிய மருந்துகளும் உள. ஆதலின் மருத்துவரிடம் வெட்கமின்றிச் சொல்லுதல் வேண்டும்.

இரண்டாவது சொல் இன்னும் கொடியது. துன்பம் அசாதா வேதனீய வினையின் உதயம் என்பது நம் கொள்கையே. ஆனால் அவ்வினை எவ்வாறு கட்டுகிறது? தனக்கோ பிறர்க்கோ துன்பம், சோகம், மனவேக்காடு, அழுகை ஆகியவற்றை உண்டாக்குதல் அதற்குக் காரணம் எனத் தத்துவார்த்த சூத்திரத்தின் 6-ஆம் அத்தியாயம் உரைக்கின்றது. நோயாளியின் முகத்துக்கு நேரே “உன் வினை” என்று கூறி அவரை அழச்செய்பவர், அதே அசாதா வேதனீயத்தைத் தமக்குக் கட்டிக்கொள்கிறார். வினைக் கொள்கை தன்னைத் தான் ஆராய்வதற்கு உரியது. பிறரைக் குத்துவதற்கு உரியதன்று.

இனி, துன்புறுவார் செய்யத்தக்கது யாது? வலியை வலி என்று சொல்வது குற்றமன்று. மருந்து தேடுவதும் குற்றமன்று. “இது எப்போது ஒழியும்?” என்று மனம் அதிலேயே சுழன்று உழல்வது ஆர்த்தத் தியானத்தின் மூன்றாம் வகை. அது 6-ஆம் குணத்தானத்து முனிவர்க்கும் தோன்றக்கூடும் என்று ஆகமம் கூறுமாயின், இல்லறத்தார் நாணி ஒடுங்க வேண்டுவதில்லை. தோன்றியதை அறிந்து, அறத்தியானத்தின்பால் மனத்தைத் திருப்புதலே கடமை.

அன்பர் எம்மை மற்றொன்றும் வினவினார்: “நின்று காயோத்சர்க்கம் செய்துவந்தேன். இனி எனக்கு அது இல்லை அல்லவா?”

இல்லை என்று யாரும் எண்ணற்க. காயோத்சர்க்கம் என்பது காலால் நிற்பதன்று. உடலின்மேல் உள்ள ‘எனது’ என்னும் பற்றை விடுவது. மூலாசாரம் அதனை நான்காக வகுக்கின்றது. உடல் நிற்க, தியானமும் நல்லதாயின் அது எழுந்து எழுந்தது. உடல் நின்றும் மனம் ஆர்த்த ரௌத்திரங்களில் கிடப்பின், எழுந்தும் அமர்ந்தது. உடலும் அமர்ந்து மனமும் அவ்வாறு கிடப்பின், அமர்ந்து அமர்ந்தது. உடல் அமர்ந்திருப்பினும் அறத்தியானம் ஓங்குமாயின், அமர்ந்தும் எழுந்தது. இரு கால்களால் நின்றும் எழாதவர் நம்முள் எத்தனை பேர்! இதனைக் கூறியபோது அன்பர் நெடுநேரம் பேசவில்லை. பின்பு சுவரில் சாய்ந்தபடியே கைகூப்பிப் பஞ்ச நமஸ்காரத்தை ஓதத் தொடங்கினார். அன்றிரவும் வலி வந்தது என்றே மறுநாள் கூறினார். “ஆனால் வலியை அறிபவன் வேறு, வலிக்கும் உடல் வேறு என்று சிறிது நேரம் இருந்தேன்” என்றார்.

இல்லத்தார் கடமை ஒன்றுண்டு. வையாவிருத்தியம் அகத்தவம் 6-இல் வைத்து எண்ணப்படுவது. துறவியர்க்குச் செய்யும் அத்தொண்டின் மனப்பான்மை இல்லத்து நோயாளியிடமும் விளங்க வேண்டும். சொல்வதை நம்புதல், இரவில் உடனிருத்தல், மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதல், செயற்கைக் கால் பெற உதவுதல் ஆகியன நம்மால் இயல்வனவே. மகாவீரர் பெயரால் 1975-இல் ஜெய்ப்பூரில் தோன்றிய பகவான் மகாவீர் விக்லாங் சகாயதா சமிதி, ஜெய்ப்பூர்க் கால்களை இலவசமாகவே வழங்கி வருகின்றது. தொலைவிலுள்ளோர் இத்துணை செய்யும்போது, அருகிலுள்ள நாம் இன்சொல்லேனும் வழங்காதிருத்தல் முறையோ?

வாழ்க அருகன் அறம்! எவ்வுயிரும் துன்பம் நீங்குக!